சைஃபன் தானாக ஏன் அறுந்துபோகிறது? ஓட்டை போடாத மீன்தொட்டிக்கு வீட்டில் செய்த ஓவர்ஃப்ளோ

கேள்வி, ஏப்ரல் 6:
3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. கண்ணாடியில் ஓட்டை போடப் பயந்து 40 மி.மீ. பிவிசி குழாயில் சைஃபன் ஓவர்ஃப்ளோ நானே செய்தேன். பெரிய குழாய் போட்டால்தான் பாதுகாப்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு நாள், மூன்று நாள் ஓடும், அப்புறம் நின்றுவிடுகிறது. நேற்று ராத்திரி ஹால் முழுக்கத் தண்ணீர். வாடகை வீடு, இரண்டாவது மாடி, கீழே ஹவுஸ் ஓனர். குழாயில் அடைப்பு இல்லை, எங்கேயும் ஒழுகவும் இல்லை. கீழ்த் தொட்டி 2 × 1 × 1 அடி. மோட்டார் டப்பாவில் மணிக்கு 1500 லிட்டர் என்று போட்டிருக்கிறது. என்ன செய்யலாம் அண்ணா?

ஏப்ரல் 6, இரவு

மோட்டாரை நிறுத்திவிட்டுத் தூங்குங்கள் தம்பி. மீன் ஒரு ராத்திரிக்கு ஏர் ஸ்டோனில் இருக்கும்.

ஏப்ரல் 7

புதிதாகப் படிப்பவர்களுக்காக அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தொட்டிக்குள் ஒரு குழாய் இறங்கியிருக்கும். அது விளிம்பைத் தாண்டி வளைந்து வெளியே இறங்கி, U போல மறுபடி மேலேறி, ஒரு டீயில், அதாவது T வடிவ இணைப்பில், முடியும். டீயின் மேல்வாய் திறந்திருக்கும். பக்கவாய் வழியாகத் தண்ணீர் கீழ்த் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து மோட்டார் அதை ரிட்டர்ன் குழாய் வழியாக மறுபடி மேலே ஏற்றும். டீ இருக்கும் உயரம்தான் தொட்டியின் நீர்மட்டத்துக்கு அடிக்கோடு. கரண்ட் போனால் தொட்டி நீர் அந்த மட்டம் வரை இறங்கி நிற்கும். உள்ளேயும் வெளியேயும் குழாய் வாய்கள் தண்ணீரில் மூழ்கியே இருப்பதால் வளைவில் தண்ணீர் தங்கும். கரண்ட் வந்தால் வாய் வைத்து உறிஞ்சாமல் தானே ஓடும். இதுதான் திட்டம்.

காகிதத்தில் இது பழுதே இல்லாத திட்டம். வளைவின் உச்சியில் காற்று சேர்வதைக் காகிதம் காட்டாது.

தம்பி, இன்று ஒரு வேலை. ரிட்டர்ன் குழாயைத் தொட்டிக்குள் அது இருக்கும் அதே உயரத்தில் பிடித்து, 10 லிட்டர் பக்கெட்டை நிரப்புங்கள். எத்தனை விநாடி ஆகிறது என்று சொல்லுங்கள். டப்பாவில் போட்ட 1500 எல்லாம் மோட்டார் எதையும் மேலே தூக்காமல் ஓடும்போது வரும் கணக்கு.

ஏப்ரல் 7, மாலை

51 விநாடி என்கிறார். அப்படியானால் மணிக்கு 700 லிட்டர். பாதிகூட இல்லை. எதிர்பார்த்ததுதான்.

இப்போது கணக்கு. 40 மி.மீ. என்பது வெளிவிட்டம். உள்விட்டம் சுமார் 36. குறுக்குப் பரப்பு 10 சதுர செ.மீ. விநாடிக்கு 194 கன செ.மீ. தண்ணீர் அதில் ஓடினால் வேகம் 19 செ.மீ. தான். தண்ணீருக்குள் சில மி.மீ. அளவுள்ள காற்றுக் குமிழி மேலேறும் வேகமோ ஏறக்குறைய 25 செ.மீ. ஆகவே வளைவுக்குள் வந்த குமிழியைக் கீழே இழுத்துப் போகத் தண்ணீருக்குத் தெம்பு இல்லை. குமிழி உச்சியிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதோடு இன்னொன்று, இன்னொன்று. இரண்டு மூன்று நாளில் உச்சி முழுக்கக் காற்று, சைஃபன் அறுந்தது. மோட்டாருக்கு இது தெரியாது. கீழே இருக்கும் தண்ணீரை மேலே கொட்டிக்கொண்டே இருக்கும்.

பெரிய குழாய் பாதுகாப்பு என்பது ஓட்டை போட்ட தொட்டிக்குப் பொருந்தும். அங்கே குழாய்க்குள் காற்று இருந்தாலும் தண்ணீர் கீழே விழுந்துகொண்டுதான் இருக்கும். சைஃபனில் குழாயைச் சின்னதாக்கினால்தான் வேகம் வரும்.

ஏப்ரல் 8

ஒழுகல் இல்லை என்று சொன்னீர்களே, அதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். வளைவின் மேல்பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஒட்டில் ஊசி நுழையாத ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். தரையைத் தடவிப் பார்த்தால் காய்ந்தே இருக்கும்.

கண்டுபிடிக்க வழி: வளைவைக் கழற்றி, ஒரு வாயை எண்ட் கேப் போட்டு அடைத்து, பக்கெட்டில் முக்கி, மறுவாயில் ஏர் பம்ப் டியூபைச் சொருகித் துணியால் இறுக்கிப் பிடியுங்கள். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதுபோலத்தான். எல்போ ஒட்டில் வரிசையாகக் குமிழி வந்தால் அதுதான் ஆள். கழற்ற முடியாதென்றால் ஓடும்போதே ஒட்டைச் சுற்றி ஷேவிங் நுரை தடவுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை குழிந்து உள்ளே போகும்.

என் பழைய அமைப்பில் இப்படி ஒரு எல்போ இருந்தது. குழாயை ஹாக்ஸா பிளேடால் கோணலாக அறுத்திருந்ததால் சாக்கெட்டின் அடிவரை போய் உட்காரவில்லை. வெளியே பார்த்தால் சொல்யூஷன் அழகாக வழிந்து காய்ந்திருக்கும். உள்ளே ஒரு பக்கம் வெறும் இடைவெளி. அதிலிருந்து நான் குழாய் வாயை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, சொருகும்போது கால் திருப்பு திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடித்துக்கொள்வேன். கையை எடுத்தால் குழாய் தானே பின்னால் நழுவும், கவனித்திருப்பீர்கள்.

ஏப்ரல் 8, பின்குறிப்பு

ஏர் ஸ்டோன் உறிஞ்சு வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறதா? இருந்தால் மற்ற எதையும் செய்வதற்கு முன் அதை எதிர்மூலைக்கு மாற்றுங்கள்.

ஏப்ரல் 11

தம்பி அவசரப்பட்டுவிட்டார். சின்னதாக்கு என்றதும் போய் 25 மி.மீ. குழாய் வாங்கி ஒரே நாளில் ஒட்டிவிட்டார். இப்போது சைஃபன் அறுவதில்லையாம். ஆனால் தொட்டி நீர் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்து நிற்கிறது. நேற்று கரண்ட் போனதும் கீழ்த் தொட்டி நிரம்பி வழிந்துவிட்டது. வெள்ளம் மாடியில் இருந்து தரைக்கு இறங்கி வந்த மாதிரி ஆயிற்று.

அளவைச் சொல்லாமல் சின்னதாக்கு என்று எழுதியிருந்தேன், இப்போது அளவையும் சொல்கிறேன். 25 மி.மீ. குழாயின் உள்விட்டம் 21, 22 வரும். வேகம் விநாடிக்கு 50 செ.மீ.க்கு மேல். குமிழி நிற்காது, சரி. ஆனால் அந்த வேகத்தில் நான்கு எல்போவைத் தாண்டத் தண்ணீருக்கு ஒரு தள்ளல் வேண்டும். அந்தத் தள்ளல் எங்கிருந்து வரும்? தொட்டி நீர்மட்டம் டீயின் மட்டத்தைவிட உயர்ந்து நின்றுதான் அதைக் கொடுக்கும். உராய்வு, திருப்பம் எல்லாம் சேர்த்து உங்கள் அமைப்புக்கு ஏறத்தாழ 10 செ.மீ. தேவைப்படும். தொட்டியில் ஒரு செ.மீ. உயரம் என்றால் 91 × 45 செ.மீ. பரப்பில் 4 லிட்டருக்குச் சற்று மேல். கரண்ட் போனால் அந்த 10 செ.மீ.யும், அதாவது 40 லிட்டரும் கீழே வரும். உங்கள் கீழ்த் தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலே 54 லிட்டர்தான். ஏற்கெனவே பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும். எங்கே கொள்ளும்?

நடுவில் 32 மி.மீ. இருக்கிறது. உள்விட்டம் சுமார் 28, வேகம் 31 செ.மீ., மட்ட வித்தியாசம் 3 செ.மீ. சுற்று, கரண்ட் போனால் இறங்குவது 13 லிட்டர் போல. குமிழியின் 25-க்கும் தண்ணீரின் 31-க்கும் இடைவெளி கொஞ்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது, அடுத்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 11, இன்னொரு வரி

வளைவை எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக. நீங்கள் அனுப்பிய படத்தில் அது விளிம்புக்கு மேல் ஒரு சாண் எழும்பி நிற்கிறது. பார்க்க கம்பீரம்தான். காற்று சேரவும் அதுவே வசதி.

ஏப்ரல் 14

புத்தாண்டு விடுமுறை. பாயசம் குடித்துவிட்டு எழுதுகிறேன், நீளமாகப் போகும்.

உச்சியில் சேரும் காற்றைத் தொடர்ந்து உறிஞ்சி எடுப்பதுதான் அந்த ஏற்பாடு. வளைவின் மிக உயர்ந்த இடத்தில் சின்ன ஓட்டை போட்டு, ஏர் டியூப் நிப்பிள் ஒன்றைத் திருகி, சுற்றிலும் எம்சீல் வைத்து அடையுங்கள். அதில் மாட்டிய டியூபின் மறுமுனையைத் தொட்டிக்குள் மூழ்கி ஓடும் சின்ன பம்பான பவர்ஹெட்டின் வெஞ்சுரி மூக்கில் சொருகுங்கள். சாதாரணமாக அந்த மூக்கு வெளிக்காற்றை இழுத்துத் தண்ணீரில் குமிழியாகக் கலக்கும். இப்போது வெளிக்காற்றுக்குப் பதில் வளைவில் இருக்கும் காற்றை இழுக்கும். முதல் தடவை சைஃபனைத் துவக்கவும் அதுவே போதும். டியூபை நான் ஒளி ஊடுருவும் வகையில் வாங்கினேன். அதன் உள்ளே குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துபோவது தெரியும். வரிசை அடர்த்தியானால் எங்கோ ஒட்டு விட்டிருக்கிறது என்று புரிந்துகொள்வேன்.

கவனிக்க வேண்டியது ஒன்று. பவர்ஹெட்டின் நீர் வெளியேறும் வாய் எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், கரண்ட் போய் மட்டம் இறங்கிய பிறகும். அது வெளியே தெரிந்தால் பவர்ஹெட் நின்றதும் அதன் வழியாகவே காற்று ஏறி வளைவைக் காலி செய்துவிடும். செக் வால்வ் போடலாமே என்று கேட்பீர்கள். போடுங்கள், ஆனால் அதை நம்பி வாயை வெளியே வைக்காதீர்கள். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் செக் வால்வின் ரப்பர் உப்பு படிந்து மூடாமல் போவதை நிறையப் பார்த்தாயிற்று. வெஞ்சுரி மூக்கிலும் அதே உப்பு அடைக்கும். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஒரு ஊசி விட்டுக் குத்திவிடுவது என் பழக்கம்.

ரிட்டர்ன் குழாயையும் பாருங்கள். அதன் வாய் தொட்டியில் ஆழத்தில் இருந்தால், கரண்ட் போனதும் அதுவும் ஒரு சைஃபனாக மாறித் தண்ணீரைக் கீழே இழுக்கும். மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே குழாயில் சின்ன ஓட்டை போட்டால் அது வெளியே தெரிந்ததும் காற்று புகுந்து நின்றுவிடும். அந்த ஓட்டையும் பாசியில் அடையும். குழாய் வாயையே நீர்மட்டத்துக்கு ஒட்டி வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ஓட்டை போடவும் வேண்டாம், குத்திவிடவும் வேண்டாம்.

ஏப்ரல் 15

வேறொருவர் கேட்டிருக்கிறார்: சைஃபனைத் தள்ளுவது காற்றழுத்தமா, புவியீர்ப்பா? பள்ளியில் காற்றழுத்தம் என்று படித்தாராம். அவர் மட்டும் இல்லை. 2010-இல் ஆஸ்திரேலிய இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹியூஸ், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே 1911 முதல் அப்படித்தான் எழுதி வருகிறது என்று சுட்டிக்காட்டினார். ஓட்டம் நடப்பது இரண்டு மட்டங்களின் உயர வித்தியாசத்தால், அதாவது புவியீர்ப்பால். காற்றழுத்தம் செய்வது வளைவுக்குள் தண்ணீர்த் தொடர் அறாமல் பிடித்துவைப்பது. காற்றழுத்தம் 10 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். நம் வளைவு ஒரு சாண், மிஞ்சினால் இரண்டு சாண். ஆகவே அழுத்தம் போதாமல் யாருடைய சைஃபனும் வீட்டில் அறுவதில்லை.

பள்ளி என்றதும் வசுதேவர் கிண்ணம் நினைவுக்கு வருகிறது. தண்ணீர் ஏறி கிருஷ்ணன் காலைத் தொட்டதும் கிண்ணம் தானே காலியாகுமே, அந்தப் பொம்மைக்குள்ளும் ஒரு சைஃபன்தான். அது அறுந்தால் யார் வீட்டுத் தரையும் நனையாது.

ஏப்ரல் 19

32-க்கு மாற்றியாயிற்று, வெஞ்சுரியும் போட்டாயிற்று என்று செய்தி. இப்போது புகார் சத்தம். ராத்திரியில் யாரோ விடாமல் ஃப்ளஷ் இழுப்பதுபோலக் கேட்கிறதாம். அவர் மனைவிக்குத் தூக்கம் இல்லை.

சத்தம் டீக்குக் கீழே இருந்து வருகிறது. தண்ணீர் இறங்கும்போது காற்றையும் சேர்த்து இழுத்து, குழாய் நிரம்பி ஒரு வாய் விழுங்கி, மறுபடி காலியாகிறது. டீயின் மேல்வாயில் எண்ட் கேப் போட்டு அதில் சின்ன ஓட்டை போடுங்கள். முதலில் மிகச் சின்னது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். ஓரிடத்தில் சட்டென்று அடங்கும். ஓட்டை போட்ட தொட்டிகளில் ரிச்சர்ட் டர்சோ பெயரில் வழங்கும் குழாயும் இதே தந்திரம்தான். கேப்பை ஓட்டையே இல்லாமல் அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் டீயில் இருந்து கீழ்த் தொட்டி வரை முழுவதும் ஒரே சைஃபனாகி, வெளி U-வில் இருக்கும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அப்புறம் வளைவு காலி.

கீழ்க்குழாயின் வாய் கீழ்த் தொட்டி நீரில் ஆழமாக மூழ்கி இருந்தாலும் களக் களக் என்று கேட்கும். ஒன்றிரண்டு செ.மீ. மூழ்கினால் போதும்.

ஏப்ரல் 20

சத்தம் அடங்கியது. மனைவியிடம் சொல்லச் சொன்னேன்.

ஏப்ரல் 22

இதுவரை எழுதியதெல்லாம் சைஃபன் அறாமல் இருக்க. இனி, அறுந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த இழையில் இதை மட்டும் படித்தாலும் போதும்.

மோட்டார் இருக்கும் அறையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ, சைஃபன் அறுந்தால் அவ்வளவுதான் மேலே போக முடியும். ஆகவே அந்த அறையைச் சின்னதாக வையுங்கள். தம்பியின் கீழ்த் தொட்டியில் தடுப்புக் கண்ணாடியை நகர்த்தி மோட்டார் அறையை 20 × 30 செ.மீ. ஆக்கச் சொன்னேன். ஓடும்போது அதில் மோட்டார் உறிஞ்சக்கூடிய ஆழம் 20 செ.மீ. ஆக 12 லிட்டர். மேலே போனால் தொட்டியில் 3 செ.மீ. ஏறும். ஓடும் மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையே 4 செ.மீ. விட்டிருந்தால் ஒரு சொட்டு கீழே விழாது. மோட்டார் காய்ந்து ஓடும், கெட்டுப்போகலாம். மோட்டார் போனால் போகட்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஆவியாகும் தண்ணீர் முழுக்க இந்தச் சின்ன அறையில்தான் குறையும். சென்னை மே மாதத்தில், ஃபேன் ஓடும் ஹாலில், தினமும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய அறையாக இருந்தால் வாரக்கணக்கில் எட்டிப் பார்க்க வேண்டாம். எனக்கு ஊற்றுவதில் சிரமம் இல்லை.

ஏப்ரல் 22, இரவு

இரண்டு சைஃபன் போட்டால் ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றுமே என்று ஒருவர் கேட்டார். இரண்டும் சேர்ந்து ஓடினால் வேகம் பாதியாகும். 31 செ.மீ. 15 ஆகிவிடும், மறுபடி 40 மி.மீ. கதை. இரண்டாவதின் டீயை உயர்த்தி வைத்து, மட்டம் ஏறினால் மட்டும் ஓடும்படி செய்யலாம். ஆனால் ஓடாமல் நிற்கும் வளைவில் காற்று சேர்வதை யார் பார்ப்பது? அதற்கும் ஒரு வெஞ்சுரி வேண்டும். எனக்கு மனசு ஒப்பவில்லை. செய்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

மட்டம் ஏறினால் மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் ஸ்விட்ச் பற்றி: மாடித் தொட்டிக்குப் போடும் ஸ்விட்சை 230 வோல்ட்டோடு அப்படியே மீன்தொட்டியில் தொங்கவிடாதீர்கள். 12 வோல்ட் ரிலே வழியாகப் போடத் தெரிந்தால் மட்டும் போடுங்கள். தெரிந்த எலக்ட்ரீஷியன் இருந்தால் அந்த லைனில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வைக்கச் சொல்லுங்கள். வயரைப் பிளக் பாயிண்டைவிடத் தாழ்வாகத் தொங்கவிட்டுப் பிறகு மேலே கொண்டுபோனால், வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று தம்பி வீட்டில் ஒத்திகை. வீடியோவில் பார்த்தேன். முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்தார். கீழ்த் தொட்டி விளிம்புக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. போட்டதும் சைஃபன் தானே பிடித்தது. அடுத்து வெஞ்சுரி டியூபை நிப்பிளில் இருந்து கழற்றினார். உச்சியில் ஸ்ஸ் என்று காற்று ஏறி, வெளிக்குழாயில் ஓட்டம் நின்றது. மேலே மட்டம் ஏற ஏறப் பக்கத்தில் நின்ற அவர் அம்மா மாப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழே வந்தபோது மோட்டார் காற்றைக் குடித்துக் கர்ர்ர் என்றது. அத்தோடு நின்றது.

மூன்றாவது ஒத்திகையும் உண்டு, பலர் விட்டுவிடுவது. உறிஞ்சு வாயைக் கையால் பொத்துங்கள். வளைவில் காற்று புகாது, ஆனால் ஓட்டம் குறையும். நத்தை ஏறினாலோ வாலிஸ்னேரியா இலை சுற்றிக்கொண்டாலோ நடப்பது இதுதான். வாயில் ஸ்பாஞ்ச் மாட்டாதீர்கள், ஒரு வாரத்தில் சளிபோலப் படிந்து அடையும். குழாய் வாயை எண்ட் கேப் போட்டு மூடி, பக்கவாட்டில் ஹாக்ஸா பிளேடால் நீளமான வெட்டுகள் போட்டால் போதும். கப்பிக் குட்டிகள் சில கீழே போய்ச் சேரும். என் கீழ்த் தொட்டியில் பிறந்ததைவிடப் போய்ச் சேர்ந்த குட்டிகள்தான் அதிகம், அங்கே நன்றாகவே வளர்கின்றன.

மே 2

ஓட்டையே போட்டுவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம். புதுத் தொட்டி செய்யக் கொடுப்பவர்கள் ஒட்டுவதற்கு முன்பே ஓட்டை போட்டு வாங்கிவிடுங்கள், சென்னையில் கொளத்தூர் பக்கம் தொட்டி ஒட்டித் தருகிறவர்களிடம் கேட்டாலே போதும். தண்ணீரும் மீனும் இருக்கும் தொட்டியில் அது பெரிய வேலை. சூடேற்றிக் கடினமாக்கிய டஃபன் கண்ணாடி என்றால் பேச்சே இல்லை, துளையிட்டால் பொடிப்பொடியாகிவிடும். சாதாரணக் கண்ணாடி என்றால் வைர முனைத் துளைப்பான், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், அவசரமில்லாத கை. இருந்தாலும் வாடகை வீட்டுத் தம்பிக்கு இப்போதைக்கு இந்த வளைவே போதும் என்பது என் எண்ணம்.

மே 9

கடைசிக் கேள்வி அவருடையது. நான்கு நாள் ஊருக்குப் போகிறார்களாம், ஓடவிட்டுப் போகலாமா என்று.

வேண்டாம். ரிட்டர்ன் மோட்டாரை நிறுத்திவிடுங்கள். தொட்டிக்குள் ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள். அதை இன்றைக்கே போட்டுவிட்டால் போவதற்குள் கொஞ்சமாவது பாக்டீரியா பிடித்திருக்கும். நான்கு நாள் தீனி இல்லாமல் வளர்ந்த மீன் தாங்கும், பக்கத்து வீட்டாரிடம் டப்பாவைக் கொடுத்தால்தான் ஆபத்து. கீழ்த் தொட்டியின் மீடியாவில் (வடிகட்டும் பொருளில்) இருக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும், அங்கே ஒரு ஏர் ஸ்டோன் விடுங்கள். திரும்பி வந்ததும் மோட்டாரைப் போடுவதற்கு முன் கீழ்த் தொட்டியை முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அந்தத் தண்ணீரை முழுக்க எடுத்துக் கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, அப்புறம் போடுங்கள். வளைவில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு.